முன்னவரின் அளவு

செஞ்சி
6 அக்டோபர் 2025, திங்கள்

தனசேகரனுக்கு,

2025 பிப்ரவரி மாதம் 12ஆம் தேதி, புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, செஞ்சி திருவண்ணாமலை சாலையில் பம்ப்செட் கடை மாடியில், பால் சீட்டில் இனி பூஜ்யம் அச்சாகக் கூடாது என்று முடிவெடுக்கப்பட்டது. முடிவெடுத்தவர்கள் நாம் இருவர். எதிர்த்து யாரும் பேசவில்லை. மாற்றக் குறிப்பு எண் 8 என்று அது கோப்பில் ஏறியது. இருவரும் கையெழுத்திட்டோம். பிறகு கீழே போய் ஆளுக்கொரு சமோசா சாப்பிட்டோம். சமோசா கோப்பில் இல்லை.

அந்த முடிவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ என் போன் எண்ணை முடக்கியிருக்கிறாய், நான் உன் எண்ணை முடக்கியிருக்கிறேன் என்பதால் மட்டும் தபாலில் எழுதவில்லை. நாம் செய்த மின்சுற்று போர்டு சம்பந்தப்பட்ட எதுவும் காகிதத்தில், முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் புரியும்படி, இருவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது நாம் வைத்த விதி. நீ ஓசூர் வேலைக்குப் போனதை உன் பைக்கை வாங்கியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்காக விதியை மீற முடியாது.

எனவே, முன்பின் தெரியாதவருக்கு: நம்மூர் பால் மையத்துக்கு நாம் செய்து கொடுத்த பெட்டிக்குள் ஒரு யுஎஸ்பி ஹப் சிப் இருக்கிறது. தராசு, பால் பரிசோதிக்கும் மிஷின், சீட்டு அடிக்கும் பிரின்டர், மூன்றும் அந்தச் சிப் வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. பாலை ஊற்றினால் மிஷின் கொழுப்பையும் கலந்திருக்கும் தண்ணீரையும் அளந்து சொல்லும். பெட்டி வைத்த முதல் வாரம் ஒருநாள் மிஷினின் பதில் வந்து சேரவில்லை. சீட்டில் கொழுப்பு 0.0 என்று விழுந்தது. அந்தச் சீட்டு மையத்தின் தலைவருடையது. தலைவர் சுந்தரமூர்த்தி உன் நைனா. "இன்னாடா இது, என் மாடு பச்சத் தண்ணியா கறக்குது?" என்று கேட்டார். வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்த முடிவு: பதில் வராவிட்டால் பூஜ்யம் போடாதே, கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொள். அந்த இரண்டு வரி நிரலை எழுதியவன் நான்.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, மையத்துப் பலகையில் என் அம்மாவின் பெயரை எழுதினார்கள். 'பாலில் தண்ணீர் கலப்பவர்: காத்தாயி. 11.2 சதவீதம்.' அன்றிலிருந்து அவர் பாலை வாங்குவதில்லை. அம்மா தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு என்னிடம் உள்ள சான்று எளிமையானது. மாட்டைக் கறந்து கேனை மூடிக் கொடுப்பவன் நான்.

கம்ப்யூட்டரில் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பரில் பத்தொன்பது நாட்கள், அம்மாவின் எண்ணும் அவருக்கு முன்னால் ஊற்றியவரின் எண்ணும் புள்ளிக்கு அப்பாலும் ஒன்றாக இருக்கின்றன. அந்தப் பத்தொன்பது முறையும் ஹப் சிப் இரண்டு நொடி விழுந்து எழுந்திருக்கிறது. முன்னால் ஊற்றியவரின் பெயர் பலகையில் இல்லை. இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நீ கேட்டால் எழுதுகிறேன்.

நவம்பர் 2ஆம் தேதி கமிட்டி கூடுகிறது. பெட்டியில் கோளாறு என்று சொல்வதானால் செய்த இருவரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறார்கள். சிப் ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பலகை பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அம்மா இப்போது அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறார்.

வளவன்

---

ஓசூர்
8 அக்டோபர் 2025

வளவனுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. அம்மாவின் பெயர் குறித்து வருந்துகிறேன்.

ஹப் சிப் விழுவதற்குக் காரணங்கள் பல. ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வரக் கூடாது. கிரிஸ்டலைப் பார். அதன் துடிப்பு கொஞ்சம் பிசகினாலும் சிப் வழி தவறும். இரண்டு பக்கமும் உள்ள சின்னக் கெப்பாசிட்டர்கள் சரியான அளவா என்று பார். டேட்டாஷீட்டில் பன்னிரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கேட்கிறார்கள். ஒரு சதவீதத்துக்குமேல் பிசகக் கூடாது. நீ பத்து கிலோ போட்டிருக்க வாய்ப்பு உண்டு. உன்னிடம் பத்து கிலோ டப்பாதான் எப்போதும் திறந்திருக்கும். டேட்டா கம்பிகள் இரண்டும் ஒரே நீளமா என்று பார். சிப்பே போலியா என்று பார். பால் மையத்தில் எர்த் கம்பி எங்கே போகிறது என்று பார். போன வருஷம் அது ஒரு முருங்கை மரத்தில் கட்டியிருந்தது.

இவற்றை ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்படாதே. வல்லம் பக்கம் மூன்று மையங்களில் இதே பெட்டி இருக்கிறது. அங்கே விழுகிறதா?

பைக் பற்றி: சொல்லலாம் என்று இரண்டு முறை மாடி வரை வந்தேன். இரண்டு முறையும் நீ சால்டர் வைத்துக்கொண்டிருந்தாய்.

தனசேகரன்

---

செஞ்சி
17 அக்டோபர் 2025

தனசேகரனுக்கு,

கிரிஸ்டல் சரி. சின்னக் கெப்பாசிட்டர்கள் சரி. ரெசிஸ்டர் 12.02 கிலோ ஓம். பத்து கிலோ டப்பாவை மூடிவிட்டேன். டேட்டா கம்பிகள் ஒரே நீளம். சிப்பை எடுத்துவிட்டு வேறு கடையில் வாங்கிய சிப்பை வைத்தேன். அதுவும் அதே ஒழுங்கோடு விழுந்தது. எர்த் கம்பி முருங்கையிலிருந்து அவிழ்க்கப்பட்டு முறையாக மண்ணுக்குள் போகிறது. முருங்கை நலம். இதற்கிடையே மின் அலையைக் காட்டும் ஸ்கோப்பின் கம்பியை மலையிலிருந்து வந்த குரங்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய், பம்ப்செட் கடைக் கூரையில் உட்கார்ந்து, சுவைத்துப் பார்த்துவிட்டுப் போட்டது. ஒரு நாள் போயிற்று. நீ சொன்னபடி அவசரப்படவில்லை.

வல்லம் பக்கம் மூன்று பெட்டிகளும் விழவில்லை. பெட்டி ஒன்று, போர்டு ஒன்று, நிரல் ஒன்று. அப்படியானால் வேறுபாடு பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்று தோன்றியது. கடிகாரத்தோடு மையத்தில் நான்கு காலை உட்கார்ந்தேன். அம்மாவின் மகன் என்பதால் எனக்கு நாற்காலி தரவில்லை. தராசுக் கல் மீது உட்கார்ந்தேன்.

பிரின்டர் சூட்டில் எழுதுவது. கறுப்பு அதிகமானால் மின்சாரமும் அதிகம் இழுக்கும். சாதாரணச் சீட்டில் கறுப்பு குறைவு. இருபது நொடியில் முடிந்துவிடும். அடுத்தவர் பாலின் அளவு மிஷினிலிருந்து வர நாற்பது நொடி ஆகும். இரண்டும் சந்திப்பதில்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் சீட்டு இரண்டு பிரதி. இரண்டிலும் மேலே 'தலைவர், வள்ளல், உழவர் காவலர்' என்று தடித்த எழுத்தில் பெரிதாக அச்சாகிறது. முதல் பிரதி முடிந்து, கிழிக்க இடைவெளி விட்டு, இரண்டாம் பிரதியின் பட்டங்கள் தொடங்குவது சரியாக நாற்பதாவது நொடி. ஐந்து வோல்ட் மூன்றரைக்குச் சரிகிறது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து ஹப் சிப் விழுகிறது. பிரின்டர் வாங்கிய வரிகளை நினைவில் வைத்திருப்பதால் பட்டங்கள் தடையின்றி அச்சாகின்றன. மிஷினின் பதில் மட்டும் தொலைகிறது. கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கிறது. நாம் முடிவெடுத்தபடி.

மின்சாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பெரிய கெப்பாசிட்டர் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். போர்டில் இருப்பது பத்து. மாற்றக் குறிப்பு எண் 7: 'மூடி மூடவில்லை, எனவே பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதைப் போடலாம்.' கையெழுத்து உன்னுடையது. கீழே என் கையெழுத்து. நான் படிக்காமல் போட்டேன். நீ எழுதியதைப் படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அப்போது நினைத்தேன்.

220 வைத்து மூடியைக் கயிற்றால் கட்டி இரண்டு நாள் ஓட்டினேன். ஒருமுறைகூட விழவில்லை.

அடுத்து நீ கேட்காத கேள்வி. உன் நைனா வரிசையில் நிற்பதில்லை. எப்போது வந்தாலும் நேராகப் போய் ஊற்றலாம். ஆனால் அவர் அப்படிச் செய்வதில்லை. வரிசையில் அம்மா எங்கே இருக்கிறாரோ அங்கே வந்து நிற்பார். அம்மா ஒரு அடி பின்னால் போவார். மற்றவர்களுக்கு முன்னால் புகுந்தால் அவர்கள் முணுமுணுப்பார்கள் என்று உன் நைனாவுக்குத் தெரியும். இதை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். நாற்பதாவது நொடியில் யார் பால் மிஷினில் இருக்கும் என்பதை இதற்கு முன் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

பலகைக்குப் பட்டியல் போடும் மகாலட்சுமி அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் அதே பதினொண்ணு புள்ளி ரெண்டு வந்துதேக்கா, நீங்க பாக்கலியா?"

"தலைவரு சீட்ட நான் பாக்கறதில்ல தம்பி."

"ரெண்டு காப்பி வருதே?"

"ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணும் அவருக்கே. நான் இன்னாத்துக்கு பாக்கணும்? எனக்கு வேல இருக்குதுல்ல."

அறிக்கை இத்துடன் உள்ளது. மூன்றே வரி. கெப்பாசிட்டர் குறைவு, அதனால் ஹப் விழுந்தது, அதனால் சுந்தரமூர்த்தி அவர்களின் அளவு காத்தாயி அவர்களின் பெயரில் பதிவானது. கையெழுத்திட்டு அனுப்பு.

வளவன்

---

ஓசூர்
22 அக்டோபர் 2025

வளவா,

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இல்லை. உன் கடிதம் பையில் இருந்தது, அதோடு மாடிப்படி ஏற முடியவில்லை.

நைனாவிடம் அறிக்கையைக் காட்டவில்லை. பேச்சுவாக்கில் கேட்டேன். "மிஷின் சரியா காட்டலன்னு சொல்றாங்களே நைனா."

"யாரு சொல்றா?"

"பொதுவா."

"மிஷின் நல்லா காட்டுது. நீ செஞ்சதுதான? எம்புள்ள செஞ்ச மிஷின் பொய் சொல்லாதுன்னு கமிட்டில நாந்தான் பேசனேன்." பிறகு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

சீட்டு இரண்டு பிரதியாக வர வேண்டும், மேலே பட்டங்கள் பெரிதாக வர வேண்டும் என்று கேட்டவர் அவர். செய்து கொடுத்தவன் நான். மாற்றக் குறிப்பு எழுதவில்லை. இதையெல்லாம் காகிதத்தில் எழுதினால் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நம் விதியை மீறியது அந்த ஒரு முறைதான்.

இன்னொன்று. பதினொன்று புள்ளி இரண்டு என்று உன் கடிதத்தில் படித்ததுமே அது யாருடைய பால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் வைத்து எனக்குத் தெரிய வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை காலையில் குழாயைப் பிடித்து நின்றவன் நான்தான். ஒரு கேனுக்கு எவ்வளவு என்று நைனா சொல்ல மாட்டார். "போதும்" என்று மட்டும் சொல்வார். கிரிஸ்டலைப் பார், ரெசிஸ்டரைப் பார் என்று உனக்கு எழுதியபோது, இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அறிக்கையில் மூன்றாவது வரியில் நைனாவின் பெயரை எடுத்துவிடு. 'முன்னவரின் அளவு அடுத்தவர் பெயரில் பதிவானது' என்று இருந்தால் போதாதா? தொழில்நுட்ப அறிக்கையில் ஆட்களின் பெயர் தேவையில்லை. கோளாறு கெப்பாசிட்டரில். அவர் எழுபதைத் தாண்டிவிட்டார். பெயரை எடுத்துவிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். எடுக்காவிட்டால் என்னால் முடியாது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

தனசேகரன்

---

செஞ்சி
27 அக்டோபர் 2025

தனசேகரனுக்கு,

தொழில்நுட்பத்தில் ஆட்களின் பெயர் தேவையில்லை என்பது நல்ல கொள்கை. பலகையில் எழுதியவர்களுக்கும் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

உன் கடிதத்துக்கு இரண்டு பதில்கள் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதற்கு முன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"அவரு பேர எழுதினா இன்னா ஆவும்?"

"உண்மை தெரியும்."

"அது எனக்கு இப்பவே தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?" தவிட்டைக் கிளறிக்கொண்டே, "எம்பேரு அழிஞ்சா போதும்டா. அங்க இன்னொரு பேர எழுதிட்டு நான் எப்பிடி அந்த வரிசையில நிக்கறது? தனசேகரோட அம்மா, அந்த அமலாம்மா, உனக்கு எத்தினி நாளு சோறு போட்டிருக்குது."

"பின்கட்டுல வெச்சுதான் போட்டாங்க."

"போட்டுதா இல்லியா?"

பாலில் கொஞ்சம் டீக்கடைக்குப் போகிறது. மீதியைக் கன்று குடிக்கிறது. அளவுக்கு மேல் குடிப்பதால் அதற்குக் கழிச்சல்.

திருத்திய அறிக்கை இத்துடன். 'சுந்தரமூர்த்தி அவர்களின்' என்பது 'முன்னவரின்' என்று மாறியிருக்கிறது. 'காத்தாயி அவர்களின்' என்பது மாறவில்லை. அது பலகையில் ஏற்கெனவே இருப்பதால் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

வளவன்

---

ஓசூர்
28 அக்டோபர் 2025

வளவா,

கையெழுத்திட்டு விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, முத்திரை, தேதி. பட்டங்களைச் சின்ன எழுத்தில், ஒரே பிரதியில் வரும்படி மாற்றிய நிரலும் வைத்திருக்கிறேன். இந்த முறை மாற்றக் குறிப்பு எழுதியிருக்கிறேன். எண் 9. பூஜ்ய விஷயத்தில் குறிப்பு 8ஐ ரத்து செய்யும் குறிப்பும் இருக்கிறது. எண் 10. பதில் வராவிட்டால் சீட்டு வெறுமையாகவே வரட்டும்.

பின்கட்டு பற்றி எழுதியிருந்தாய். அந்த நாட்களில் நானும் உன்னோடு பின்கட்டில்தான் சாப்பிட்டேன். அதைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு வர முடியாது, விடுப்பு இல்லை. விடுப்பு கேட்கவில்லை என்று எழுதுவதுதான் சரி. உன் எண்ணை முடக்கியிருந்ததை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் பெயர் அழிந்துவிடும் என்று சொல்.

தனசேகரன்

---

செஞ்சி
10 நவம்பர் 2025, திங்கள்

தனசேகரனுக்கு,

அறிக்கை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கூட்ட விவரம் கோப்புக்காக:

கமிட்டி ஏழு பேர், வந்தவர்கள் ஐந்து. தலைமை உன் நைனா. அறிக்கையைக் கமிட்டி உறுப்பினர் ரங்கநாதன் உரக்கப் படித்தார். கெப்பாசிட்டர் என்ற சொல்லை மூன்று விதமாகப் படித்தார், மூன்றும் நன்றாக இருந்தன. கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டதற்காகச் செய்த பிள்ளைகள் இருவரையும் கமிட்டி பாராட்டியது. புதிய கெப்பாசிட்டர் வைக்க அனுமதி அளித்தது. மூடி மூடாததால் பெட்டியை ஒரு சணல் சாக்கால் மூடலாம் என்றும் தீர்மானித்தது.

பிறகு பெயர் விஷயம். ரங்கநாதன் கேட்டார், "முன்னவருன்னா யாரு? இதுல இல்லியே."

உன் நைனா என்னைப் பார்த்தார். "எழுதியிருக்கறத மட்டும் பேசுவோம்" என்றார்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நானும் எழுதியிருந்ததை மட்டும் பேசினேன்.

தீர்மானம் இது: முன்னவர் யார் என்று அறிக்கை சொல்லவில்லை. முன்னவரின் பாலில் தண்ணீர் இருந்ததாக எந்தப் புகாரும் கமிட்டிக்கு வரவில்லை. புகார் இல்லாத பாலில் தண்ணீர் இருக்க முடியாது. ஆகவே 11.2 என்பது முன்னவருடையது என்று நிரூபணமாகவில்லை. ஆகவே பெயர் பொங்கல் வரை பலகையில் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு காத்தாயி விண்ணப்பம் கொடுக்கலாம். விண்ணப்பம் கொடுக்கும் நாளில் மையத்துக்குப் பால் ஊற்றுபவராக இருக்க வேண்டும். பெயர் பலகையில் இருப்பவரிடம் பால் வாங்குவதில்லை.

செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் பலகையில் சாக்பீஸ் எழுத்து அழிந்துவிட்டது. புதன்கிழமை பெயின்ட்டில் எழுதினார்கள்.

போர்டு விஷயம்: 220 கெப்பாசிட்டர் வைத்தாயிற்று. குறிப்பு 9, 10 இரண்டும் நிரலில் ஏறிவிட்டன. ஆறு நாளாக ஹப் ஒருமுறைகூட விழவில்லை. உன் நைனா இப்போது வரிசைக்கு வருவதில்லை. ஆள் மூலம் கேனை அனுப்புகிறார். அவர் அளவு சரியாகவே இருக்கிறது.

அம்மா வியாழக்கிழமை மாட்டையும் கன்றையும் விற்றுவிட்டார். சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. உன் அம்மா அமலா எங்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். விலை பேசவில்லை.

கோப்பில் சேர்ப்பதற்காக, மாற்றங்களுக்குப் பின் எடுத்த ஒரு சீட்டின் நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். 8 நவம்பர், சனிக்கிழமை காலை. அந்த மாட்டின் பால். ஊற்றியவர்: அமலா. கொழுப்பு 4.3. கலந்த தண்ணீர் 0.0.

வளவன்